கான்வாய் போகட்டும்



இந்த இதழ் ஒன்றரை மாதம் தாமதம். காகிதக் கடன், அச்சகக் கடன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிற காரணங்கள் இந்தத் தடவையும் உண்டு. ஆனால் தாமதத்துக்கு அது மட்டும் காரணமில்லை. எழுதி வைத்திருந்த தலையங்கத்தை ஓரம் வைக்க வேண்டியதாகிவிட்டது.

வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டின ஒரு கிராமம். பெயரைப் போடவில்லை. போட்டால் எழுதின நாங்கள் பத்திரமாக இருப்போம். அங்கே இருக்கிற சனங்களுக்குத்தான் இன்னொரு ராத்திரி தூக்கம் கெடும். சேரி முனையில் ஒரு கொடிக்கம்பம் நட்டார்கள். அது தப்பு என்றது ஊர். தாசில்தார் ஆபீஸ், சமாதானக் கூட்டம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு ராத்திரி கல் விழுந்தது. ஆஸ்பெஸ்டாஸ் உடைந்தது, ஓடு உடைந்தது, வாசலில் படுத்திருந்த ஒரு பெரியம்மாவின் மண்டை உடைந்தது. ஸ்டேஷனுக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. காலேஜில் படிக்கிற பையன்கள் இரண்டு பேர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மெயின் ரோட்டுக்கு வந்ததும் மறித்துவிட்டார்கள். ரோடு நெடுகப் போலீஸ் நிற்கிறது. அன்றைக்கு ஒரு பெரிய தலைவர் அந்த வழியாகப் போகிறார்.

“சார், எங்க தெருவுல வீட்டையெல்லாம் உடைக்கிறாங்க சார்.”

“இரு. கான்வாய் போகட்டும்.”

பையன்கள் நின்றார்கள். முதலில் பைலட் வண்டி, அப்புறம் ஜாமர் வண்டி, அப்புறம் கண்ணாடி ஏற்றின கார்கள், கடைசியில் ஆம்புலன்ஸ். அந்த ஆம்புலன்ஸ் காலியாகத்தான் போயிற்று. எல்லாம் போய் முடிய முக்கால் மணி நேரம். பிறகு ஸ்டேஷனுக்குப் போனால் அங்கே இருந்த ஒரே ஒருத்தர் சொன்னார்: “எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்கப்பா. காலைல வாங்க.”

பெரியம்மா பிழைத்துக்கொண்டார். அதனால் இது பத்திரிகையில் வரவில்லை. நம் நாட்டில் சேரிச் சேதி பத்திரிகையில் வர ஓர் உயிராவது போகவேண்டும். சில சமயம் ஓர் உயிர் போதாது.

அந்தப் பையன்களில் ஒருவன் பிறகு என்னிடம் கேட்டான்: “அண்ணே, அந்தக் கார்ல இருந்தவருக்கு அன்னைக்கு டில்லியில ஏதாவது ஒண்ணுன்னா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிருக்கும் இல்ல? நாங்க இருபதடியில நின்னோம். எங்க சேதி ஏன் போகல?”

இந்தத் தலையங்கம் அவனுக்குச் சொல்லவேண்டிய பதில்.

*

தலைவர்கள் பயணத்தில் இருக்கும்போது அவசரச் சேதி வருவது புதிதில்லை. அதற்கென்றே வயர்லெஸ், ஹெலிகாப்டர், தனி விமானம் எல்லாம் இருக்கின்றன. நம் காலத்தில் இதற்குப் பெரிய உதாரணம் 31 அக்டோபர் 1984.

அன்று காலை டில்லியில் பிரதமர் இந்திரா காந்தி தன் வீட்டுத் தோட்டத்திலேயே மெய்க்காவலர்களால் சுடப்பட்டார். அப்போது அவர் மகன் ராஜீவ் காந்தி, காங்கிரசின் பொதுச் செயலாளர், மேற்கு வங்காளத்தில் கோண்டாய் பக்கம் சுற்றுப்பயணத்தில் இருந்தார். பிரணாப் முகர்ஜி கூட இருந்தார். குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஏமன் நாட்டில். உள்துறை அமைச்சர் நரசிம்ம ராவ் ஆந்திராவில். நாட்டின் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியூரில்.

சேதி எப்படிப் போயிற்று என்று பாருங்கள். போலீஸ் வயர்லெஸ் வழியாகக் கூட்டத்தில் இருந்த ராஜீவுக்குத் தகவல் வந்தது. கார், காரிலிருந்து ஹெலிகாப்டர், கல்கத்தாவிலிருந்து விமானம். வழியில் டிரான்சிஸ்டரில் பி.பி.சி. கேட்டுக்கொண்டே வந்தார். பிற்பகலில் டில்லி. அன்று மாலையே பிரதமர். ஏமனில் இருந்த குடியரசுத் தலைவரும் கடல் தாண்டி வந்து பதவிப் பிரமாணம் செய்து வைத்துவிட்டார். ஆயிரம் மைல், இரண்டாயிரம் மைல் எல்லாம் அந்தச் சேதிக்கு ஒரு தூரமே இல்லை.

தாயை இழந்த மகனின் துக்கத்தை நாம் கேலி செய்யவில்லை. பிணத்துக்கு முன்னால் கேலி செய்கிற பழக்கம் நமக்குக் கிடையாது. நமக்கு நடந்ததெல்லாம் அப்படியானாலும் கிடையாது. நாம் கேட்பது அதற்கு அடுத்த சேதியைப் பற்றி.

அன்று மாலையே ஆஸ்பத்திரிப் பக்கம் சீக்கியர்களை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். குடியரசுத் தலைவரின் காருக்கே கல் விழுந்தது, அவரும் சீக்கியர் என்பதால். நவம்பர் 1 காலையிலிருந்து அது கலவரம் என்ற பெயரில் நடந்த வேட்டை. மண்ணெண்ணெய் வந்தது, வாக்காளர் பட்டியல் வந்தது, டயர் வந்தது. போலீஸ் வரவில்லை. டில்லியில் மட்டும் செத்தவர்கள் 2,733 பேர். இது அரசாங்கமே ஒத்துக்கொண்ட கணக்கு.

அதிகம் செத்தது யார்? பெரிய பங்களாச் சீக்கியர்கள் இல்லை. யமுனைக்கு அந்தப் பக்கம் திரிலோக்புரி, மேற்கே சுல்தான்புரி, மங்கோல்புரி என்று நகரத்திலிருந்து பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய்க் கொட்டின குடியேற்றக் காலனிகள். நம்மூர் பாஷையில் சொன்னால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி. திரிலோக்புரி 32-ஆம் பிளாக்கில் குடியிருந்தவர்கள் லபானா சீக்கியர்கள். கயிற்றுக் கட்டில் பின்னுகிறவர்கள், கூலிக்காரர்கள், ரிக்‌ஷா, ஆட்டோ ஓட்டுகிறவர்கள். குரு எல்லாரும் சமம் என்று சொன்ன மதத்துக்குள்ளும் கீழே வைக்கப்பட்டவர்கள். அந்த ஒரு பிளாக்கில் மட்டும் நூற்றுக்கணக்கானவர்கள் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள்.

திரிலோக்புரியிலிருந்து டில்லி போலீஸ் தலைமையகம் ஓர் ஆற்றுப் பாலம் தாண்டினால் வந்துவிடும். நவம்பர் 2 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் நிருபர்கள் ராகுல் பேடி, ஜோசப் மாலியக்கன் இருவரும் அங்கே போனார்கள். சந்து முழுக்கப் பிணம். போலீஸ் தலைமையகத்துக்குப் போய்த் தாங்களே சொன்னார்கள். சொன்ன உடனே படை போகவில்லை. பட்டாளம் உருப்படியாக இறங்கியது நவம்பர் 3-க்கு மேல்தான். கோண்டாய்க்கு ஒரு காலைப் பொழுதில் போன சேதி, யமுனைப் பாலத்தைத் தாண்ட ஒன்றரை நாளுக்கு மேல் ஆயிற்று. தாண்டி வந்த பிறகும் மேசையில் உட்கார்ந்துவிட்டது.

நவம்பர் 19 அன்று டில்லி போட் கிளப் கூட்டத்தில் புதிய பிரதமர் பேசினார். பெரிய மரம் விழுந்தால் பூமி கொஞ்சம் அதிரத்தான் செய்யும் என்ற பொருளில் சொன்னார். மரத்தைப் பற்றி அவருக்குச் சேதி வந்திருந்தது. மரத்தடியில் இருந்த புல்லைப் பற்றி வந்த சேதியை அவர் சேதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. 21 வருஷம் கழித்து, 2005 ஆகஸ்டில், மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். சஜ்ஜன் குமாருக்கு டில்லி உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது 2018 டிசம்பரில். 34 வருஷம். மரம் விழுந்த சேதிக்குச் சில மணி நேரம். புல் எரிந்த சேதிக்கு 34 வருஷம்.

*

அந்த ராஜீவ் காந்தியே சேதியானது நம் பக்கத்து ஊரில். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வழியாக ஒரு பஸ் தூரம், ஸ்ரீபெரும்புதூர். 21 மே 1991, ராத்திரி பத்தரை மணிக்குக் கொஞ்சம் முன்னால். விசாகப்பட்டினத்திலிருந்து விமானத்தில் மீனம்பாக்கம் வந்து, அங்கிருந்து காரில் வந்தவர். அவர் வந்தது ஒரு தலித் வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்க. ஸ்ரீபெரும்புதூர் அப்போது தனித் தொகுதி. வேட்பாளர் மரகதம் சந்திரசேகர். இன்றைக்கு அது பொதுத் தொகுதி. நினைவிடம் பெரிதாக இருக்கிறது. அந்த ஊர் ஒரு காலத்தில் தனித் தொகுதியாக இருந்தது என்பது மட்டும் யார் நினைவிலும் இல்லை.

அன்றைக்கு நான் கைக்குழந்தை. எல்லாம் அம்மா சொல்லிக் கேட்டதுதான். நைனா அப்போது காஞ்சிபுரத்தில் ஒருத்தர் தறியில் கூலி. பட்டுப் புடவைக்குக் கோர்வை போட ஒரு பெரிய ஆளும், கூட உட்கார ஒரு சின்னப் பையனும் வேண்டும். நைனா அந்தச் சின்னப் பையனாகப் போனவர். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் வாங்கின முன்பணம் தீராமல் அதே தறியில் இருந்தார். மறுநாள் பஸ் ஓடவில்லை. கடை அடைப்பு. நைனா பாலாற்றங்கரையோடு நடந்தே வாலாஜாபாத் வந்து சேர்ந்தாராம். வழியெல்லாம் பயம். “யாரு கொன்னாங்கன்னு தெரியல. ஆனா எங்க அடி வுழும்னு மட்டும் தெரியும்”னு சொன்னாராம்.

இந்த வாக்கியத்தைப் படித்த படிப்பையெல்லாம் வைத்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். அரசியல் விஞ்ஞானம் என்று எதையோ படிக்கிறோமே, அதெல்லாம் இதில் இருக்கிறது. மேலே யாருக்கு என்ன நடந்தாலும் அதன் எடை எங்கே இறங்கும் என்று கீழே இருக்கிறவனுக்கு முன்கூட்டியே தெரியும். திரிலோக்புரிக் கட்டில்காரனுக்கும் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு அந்தத் திடலில் தலைவரோடு செத்தவர்களில் காவலர்கள் உண்டு, கட்சிக்காரர்கள் உண்டு, தலைவர் முன்னால் கவிதை படிக்க வந்த ஒரு சிறுமியும் உண்டு. கவிதை எழுதுகிறவன் என்பதால் எனக்கு அந்தக் குழந்தை அடிக்கடி ஞாபகம் வரும். எத்தனை பேருக்கு அவள் பெயர் தெரியும்?

*

‘தகவல் வரவில்லை.’ ஆட்சியில் இருக்கிறவர்கள் எந்தக் கட்சியானாலும் சொல்கிற பதில் இது. இந்தப் பதிலை நாம் நம்பக்கூடாது.

25 டிசம்பர் 1968, கீழ்வெண்மணி. நெல் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதற்காக, செங்கொடியை இறக்கமாட்டோம் என்றதற்காக, ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். முதலமைச்சர் நம் காஞ்சிபுரத்துக்காரர், அண்ணா. நோயாளியாக இருந்தார், அமைச்சர்களை அனுப்பினார், அடுத்த பிப்ரவரியில் இறந்தும் போனார். அமைச்சர்கள் போனார்கள், பார்த்தார்கள். சேதி போய்ச் சேராமலில்லை. ஆனால் 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தபோது சொன்ன காரணத்தில் ஒன்று என்ன தெரியுமா? பெரிய நிலக்காரர்கள், காரெல்லாம் வைத்திருக்கிறவர்கள், தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது.

கார் வைத்திருப்பவன் குற்றவாளி ஆகமாட்டான். நடந்து போகிறவன் சொல்வது சாட்சி ஆகாது. நெடுஞ்சாலையில் நம் பையன்களை நிறுத்தினதும் இதே தீர்ப்புத்தான். அங்கே நீதிபதி இல்லை, லத்தி இருந்தது. வேறு வித்தியாசமில்லை.

இது நம் நாட்டுக் கதை மட்டும் இல்லை. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க ஜனாதிபதி புஷ் புளோரிடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். நியூயார்க்கில் இரண்டாவது விமானம் மோதின சில நிமிஷத்தில் காதோடு சேதி சொல்லிவிட்டார்கள். அதே புஷ், 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனாப் புயல் அடித்தபோதும் வெளியூரில்தான் இருந்தார். அரிசோனா, கலிபோர்னியா என்று போய்க்கொண்டிருந்தார். நியூ ஆர்லியன்ஸ் முழுகியது. கூரைமேல் ஏறி நின்று துணியை ஆட்டிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ஏழைகள். உலகமே டி.வி.யில் பார்த்தது. 31-ஆம் தேதி அவர் விமானம் அந்த ஊருக்கு மேலே பறந்து போயிற்று. ஜன்னல் வழியாகப் பார்த்தார். அந்தப் போட்டோ இன்றைக்கும் இருக்கிறது. ஒரே ஆள், ஒரே விமானம், ஒரே தொலைபேசி. சேதி யாருடையது என்பதில்தான் வேறுபாடு.

*

பயணத்தில் இருந்தபோது கெட்ட சேதி வந்த தலைவர் நமக்கும் ஒருவர் உண்டு.

20 மார்ச் 1927. மகாராஷ்டிரத்தில் மகாத். பாபாசாகேப் அம்பேத்கர் முன்னால் நடக்க, ஆயிரக்கணக்கான மகார்களும் மற்ற தீண்டப்படாத மக்களும் பின்னால் நடக்க, சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். மாடு குடிக்கலாம், இவர்கள் குடிக்கக்கூடாது என்றிருந்த குளம். மாநாடு முடிந்து பாபாசாகேப் பிரயாணிகள் பங்களாவில் தங்கியிருக்கிறார். கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று ஊருக்குள் வதந்தி. சாதி இந்துக்கள் தடியோடு புறப்பட்டுப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரையும் அடித்தார்கள். பெண்கள், பிள்ளைகள் என்று பார்க்கவில்லை. சிலருக்கு முஸ்லிம் வீடுகள் கதவைத் திறந்தன.

சேதி பங்களாவுக்கு வந்தது. அவருக்கு ஹெலிகாப்டர் கிடையாது, படை கிடையாது. ஆனால் ஆள் இருந்தது. கூட இருந்தவர்களில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர். சண்டை தெரிந்தவர்கள். தம் சனங்கள் அடிபட்டு ரத்தத்தோடு வந்து நிற்பதைப் பார்த்துக் கொதித்துப் போய் ஒரு வார்த்தைக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. தெருவில் இறங்கினார், கும்பல் சூழ்ந்துகொண்டபோதும் நின்று பேசினார், தம் ஆட்களைக் கட்டுப்படுத்தினார். காயம் பட்டவர்களைக் கவனிக்க ஏற்பாடு செய்தார். பிறகு வழக்குப் போட்டார். தாக்கினவர்களில் சிலருக்குக் கடுங்காவல் கிடைத்தது. குளத்து உரிமைக்கான வழக்கு பத்து வருஷம் நடந்து 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தது.

இரண்டு சேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாட்டின் போலீஸ், பட்டாளம் எல்லாம் கையில் இருந்தது; மூன்று நாள் எரிந்தது. இன்னொருவருக்கு ஒன்றுமே கையில் இல்லை. அவர் ஒரு சொல்லை அடக்கினார், எரியவில்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் முன்னவர் தேசியத் தலைவர். பின்னவர் ‘தலித்துகளின் தலைவர்’. தேசம் என்றால் யார் என்பதை அப்படியே சொல்லிவிடுகிறார்கள், பாவம், அவர்களுக்கே தெரியாமல்.

தலைவன் யார் என்று தெரிவது மேடையில் இல்லை. வெளியூரில் இருக்கும்போது ஒரு கெட்ட சேதி வரும். அதைக் கேட்டதும் அவன் வாயில் இருந்து வருகிற முதல் உத்தரவு யாரைக் காப்பாற்றுகிறது? அங்கே தெரிந்துவிடும்.

*

இன்னொரு பயணத்தையும் சொல்லவேண்டும். 30 ஜூன் 1997. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் மதுரையில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். தனி ஊராட்சியில் நின்று ஜெயித்த தலைவர். மிரட்டல் இருந்தது, வீடு எரிந்தது, உட்கார நாற்காலி இல்லை. சேதியைத் தானே சுமந்துகொண்டு மாவட்டத் தலைமைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருகிற வழியில் அந்த பஸ்ஸிலேயே வெட்டப்பட்டார். துணைத் தலைவர் மூக்கனும் கூட வந்தவர்களும் வெட்டப்பட்டார்கள். தலைவர் பயணத்தில் இருந்தார், கான்வாய் இல்லை. அந்தக் கொலையில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019-ல் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள்.

வேங்கைவயலும் இருக்கிறது. 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம். குடித்துக் குழந்தைகளுக்கு நோய் வந்த பிறகுதான் சேதி வெளியே வந்தது. இரண்டு வருஷம் விசாரணை. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது, அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீது. சேதி கொண்டுபோனால் அது திரும்பி வந்து நம் வீட்டுக் கதவையே தட்டுகிறது என்ற பயம் இன்றைக்கு ஒவ்வொரு சேரியிலும் இருக்கிறது. அந்தப் பயத்தைச் சும்மா கண்டிப்பதில் பிரயோஜனமில்லை.

அப்படியானால் என்ன செய்வது?

நான் வங்கியில் கிளார்க். கவுண்டரில் உட்கார்ந்து ஒன்று கற்றுக்கொண்டேன். வாயால் சொன்னது எதுவும் அங்கே நடந்ததாகக் கணக்கில்லை. சலானில் தேதி முத்திரை விழவேண்டும், கையெழுத்து விழவேண்டும். விழுந்துவிட்டால் மேனேஜரே நினைத்தாலும் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு நூறு ரூபாய் டேலி ஆகவில்லை என்றால் ராத்திரி ஆனாலும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. ஒரு சேரியே டேலி ஆகாவிட்டாலும் அதிகாரி போய்த் தூங்குகிறார். ஏன்? அங்கே சலான் இல்லை.

சலான் இருக்கிறது தோழர்களே. நாம் கேட்டு வாங்குவதில்லை.

1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1995-ஆம் வருஷத்து விதிகளும் சேதி எப்படிப் போகவேண்டும் என்பதற்கான சட்டமும்தான். வாயால் சொல்கிற புகாரை அதிகாரி எழுதி, படித்துக் காட்டி, பிறகுதான் கையெழுத்து வாங்கவேண்டும். முதல் தகவல் அறிக்கை போடவேண்டும். நகலை அங்கேயே கொடுக்கவேண்டும். வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு, அவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லாதவர் என்றால், 4-ஆம் பிரிவில் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை சிறை. 2018-ல் உச்சநீதிமன்றம் இந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கப் பார்த்தது. ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்க நம் சனங்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிரும் கொடுத்தார்கள். அந்த வருஷமே 18ஏ பிரிவு வந்தது. முதல் தகவல் அறிக்கை போட முன்விசாரணை தேவையில்லை என்று அது சொல்கிறது. ஆகவே ‘விசாரிச்சுட்டுப் போடறோம்’ என்று சொன்னால் அது சட்டம் இல்லை, சாக்கு.

கலெக்டரும் எஸ்.பி.யும் நேரில் வந்து பார்க்கவேண்டும் என்பது 12-ஆம் விதி. ஏழு நாளுக்குள் உடனடி நிவாரணம். புலன் விசாரணை டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி செய்யவேண்டும். மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடவேண்டும். மாநிலக் குழுவுக்குத் தலைவர் யார்? முதலமைச்சர். 16-ஆம் விதி. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது, ஜனவரியிலும் ஜூலையிலும், அவர் உட்கார்ந்து சேரிச் சேதியைக் கேட்டே ஆகவேண்டும். பயணத்தில் இருக்கிற தலைவர் காதில் நம் சேதி விழ இந்த நாட்டுச் சட்டம் வைத்திருக்கிற ஒரே ஜன்னல் அது. அந்த ஜன்னல் எத்தனை ஜனவரி, எத்தனை ஜூலை மூடியே கிடந்தது என்று உங்கள் மாவட்டத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். மனுவுக்குப் பத்து ரூபாய்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை வைக்கிறோம். ஒவ்வொரு சேரியிலும் ஒரு நோட்டு. எத்தனை மணிக்குச் சம்பவம், எத்தனை மணிக்கு யார் போன் போட்டது, யார் எடுத்தது, என்ன பதில், எத்தனை மணிக்கு வண்டி வந்தது. அவ்வளவுதான். செல்போனில் வீடியோ எடுத்து அனுப்புவது வேகமாகப் போகிறது; போன வேகத்தில் மறந்தும் போகிறது. ‘வீடியோ எடுத்தவன் யாரு’ என்றுதான் முதலில் தேடுகிறார்கள். நோட்டு அப்படியில்லை. மணியும் தேதியும் போட்டு எழுதினது கோர்ட்டில் நிற்கும், பத்து வருஷம் கழித்தும் நிற்கும். மகாத் வழக்கு பத்து வருஷம் நின்றது.

பழைய செங்கல்பட்டு ஜில்லாவில், கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-லேயே ‘பறையன்’ என்று பத்திரிகை நடத்தினார். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டார்கள். அவமானமாகச் சொன்ன பெயரிலேயே சேதி போகட்டும் என்று நினைத்தவர் அவர். நம் சேதியை மற்றவர் வண்டியில் ஏற்றினால் பாதி வழியில் இறக்கிவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்தச் சின்ன இதழும் அந்த வரிசையில் கடைசியாக ஓடுகிற ஒரு ஓட்டைச் சைக்கிள்தான். செயின் அடிக்கடி கழன்றுகொள்கிறது. ஆனால் ஓடுகிறது.

அந்தக் கிராமத்துப் பெரியம்மாவைப் போன வாரம் பார்த்தேன். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை. “எஃப்.ஐ.ஆர். நகல் வந்துச்சா பெரிம்மா?” என்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். இரண்டு வாரம் நடையாய் நடந்து, நம் தோழர்கள் கூட நின்று வாங்கினது. தேதி போட்டிருக்கிறது, முத்திரை இருக்கிறது. சம்பவ நேரம் மட்டும் தப்பாக இருக்கிறது: மறுநாள் காலை என்று போட்டிருக்கிறார்கள். கான்வாய் போன ராத்திரியைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் பையன்களின் செல்போனில் அவர்கள் ஸ்டேஷனுக்குப் போட்ட போன்கள் இருக்கின்றன. இரவு 11.08, 11.11, 11.19. மூன்றையும் இந்த இதழில் அச்சிடுகிறோம். சலான் போட்டாகிவிட்டது.

சந்தா பாக்கி வைத்திருக்கும் தோழர்கள் அனுப்பி உதவவும்.

ஜெய்பீம்.

— ஆசிரியர் குழுவுக்காக,
வாலாஜாபாத்